குலைபின் செருப்பு வார்

ஜித்தாவில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வருடங்களில் நடந்தது இது. சம்பளத் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வண்டிகளைக் கவனித்துக்கொள்கிற சவூதிக்காரர் ஒருவர் என் மேசைக்கு வந்து முன்பணம் வேண்டும் என்றார். கடன் கேட்டே பழக்கமில்லாத மனிதர். வவுச்சரில் காரணம் எழுத வேண்டும் என்பதால் கேட்டேன். "தியத்" என்றார் ஒரே வார்த்தையில்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தியத் என்றால் கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் பணம். யாரைக் கொன்றுவிட்டார் என்றுதான் முதலில் மனம் போனது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். தாயிஃப் போகிற மலைப்பாதையில் அவருடைய கோத்திரத்துப் பையன் ஒருவன் ஓட்டிய வண்டி மோதி, வேறொரு கோத்திரத்து மனிதர் இறந்துவிட்டார். தவறு பையன்மேல் என்று தீர்ப்பாகிவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு உயிரீட்டுப் பணம் கொடுக்க வேண்டும். பையனிடம் அவ்வளவு ஏது? கோத்திரத்து வீடுகளுக்கெல்லாம் பங்கு பிரித்திருக்கிறார்கள். இவர் வீட்டுப் பங்குக்குத்தான் முன்பணம்.

"பையன் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஆறாவது பாட்டனில் ஒன்று சேருவோம்" என்றார். பையனை அவர் நேரில் பார்த்ததுகூட இல்லை.

வவுச்சர் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. சின்ன வயதில் மதரஸாவில் எங்கள் ஹஸ்ரத் சொன்ன கதைகளில் கோத்திரம் என்றாலே சண்டைதான். அறியாமைக் காலத்தில் அரபிகள் ஒரு ஒட்டகத்துக்காக 40 வருடம் வெட்டிக்கொண்டார்கள், பெண் குழந்தைகளை உயிரோடு புதைத்தார்கள், அப்புறம் நபிகள் நாயகம் (ஸல்) வந்தார்கள், கோத்திரமெல்லாம் போய் எல்லாரும் சகோதரர்கள் ஆனார்கள். அப்படிப் பார்த்தால் கோத்திரம் செத்து 1400 வருடம் ஆகிறது. பிறகு என் எதிரே உட்கார்ந்திருந்தவர் யாருடைய கணக்கைத் தீர்க்க முன்பணம் வாங்கிப் போகிறார்?

அதற்கப்புறம் பல வருடங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்குப் புரிந்தது இதுதான். இஸ்லாம் கோத்திரத்தை ஒழிக்கவில்லை. அதன் கையில் இருந்த ஒன்றைப் பிடுங்கியது. ஒரு உயிர் எவ்வளவு பெறும் என்று முடிவு செய்கிற அதிகாரம் அது. சுமக்கிற வேலையை அதன் தோளிலேயே விட்டுவைத்தது.

அந்த ஒட்டகக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தக்லிப் கோத்திரத்தின் தலைவன் குலைப். அவன் தனக்கென்று ஒதுக்கிய மேய்ச்சல் நிலத்தில் வேறு யாருடைய கால்நடையும் கால் வைக்கக் கூடாது. அவன் மனைவி ஜலீலா பக்ர் கோத்திரத்துப் பெண். அவளுடைய சகோதரன் ஜஸ்ஸாஸ். ஜஸ்ஸாஸுக்குத் தாய்வழி உறவான பஸூஸ் என்ற பெண்ணிடம் அடைக்கலமாக வந்து தங்கியிருந்த ஒருவரின் ஒட்டகம் குலைபின் நிலத்தில் புகுந்துவிட்டது. குலைப் அதன் மடியில் அம்பு எய்தான். பாலும் இரத்தமும் ஒழுக அது திரும்பி ஓடிவந்ததைக் கண்டு பஸூஸ் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். தன்னை நம்பி வந்தவனுக்கே பாதுகாப்பு இல்லாமல் போன அவமானம் அவளுக்கு. ஜஸ்ஸாஸ் போய்க் குலைபை ஈட்டியால் குத்திக் கொன்றான். ஜலீலாவை நினைத்துப் பாருங்கள்: செத்தவன் புருஷன், கொன்றவன் கூடப்பிறந்தவன். அவள் எந்தப் பக்கம் நின்று அழுவாள்?

குலைபின் சகோதரன் முஹல்ஹில் பழிவாங்கப் புறப்பட்டான். 40 வருடம் நடந்தது என்கிறது அரபு மரபு. பக்ரின் பெரிய மனிதர்களில் ஒருவரான ஹாரிஸ் இப்னு உபாத் மட்டும், இதில் எனக்கு ஆண் ஒட்டகமும் இல்லை, பெண் ஒட்டகமும் இல்லை என்று ஒதுங்கியிருந்தார். தனக்குச் சம்பந்தமில்லாத விஷயத்தைப் பற்றி அரபிகள் இன்றும் அந்தப் பேச்சைத்தான் சொல்கிறார்கள். அவர் வீட்டுப் பிள்ளை புஜைர் முஹல்ஹிலின் கையில் கொல்லப்பட்டான். செய்தி வந்ததும் ஹாரிஸ், இந்த ஒரு சாவால் இரண்டு கோத்திரமும் சமாதானம் ஆகுமென்றால் இவனைப் போல் பாக்கியசாலி யார் என்றாராம். குலைபுக்குப் பதிலாகப் புஜைர், கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார். அப்புறம்தான் சொன்னார்கள். குத்தும்போது முஹல்ஹில் சொன்னது இது: "குலைபின் செருப்பு வாருக்கு நீ ஈடு."

ஹாரிஸும் அன்றே குதிரைமேல் ஏறினார்.

எனக்கு இந்தக் கதையில் ஒட்டகம் முக்கியமாகப் படவில்லை. அந்தச் செருப்பு வார்தான் முக்கியம். கொல்லப்பட்டது ஒருவன், பதிலுக்குக் கொல்லப்பட்டது ஒருவன், ஆனாலும் கணக்கு சரியாகவில்லை. ஏனென்றால் இவன் உயிரும் அவன் உயிரும் ஒன்றில்லை. ஒன்றில்லை என்று சொல்வது யார்? வாள் அதிகமாக வைத்திருக்கிறவன். எங்கள் அடிமை செத்தால் உங்கள் சுதந்திர மனிதனைக் கொடு, எங்கள் பெண் செத்தால் உங்கள் ஆணைக் கொடு என்று பெரிய கோத்திரங்கள் சின்னக் கோத்திரங்களைக் கேட்டன. பழிக்கு முடிவே வராததற்கு இதுதான் காரணம்.

இதைச் சொன்ன கையோடு, கோத்திரம் என்பதே காட்டுமிராண்டித்தனம் என்று தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த மண்ணில் அன்று ஹிஜாஸிலோ நஜ்திலோ நிலையான அரசன் இல்லை, காவலர் இல்லை, நீதிமன்றம் இல்லை. ஒரு மனிதன் இரவில் நிம்மதியாகக் கண்மூட ஒரே காரணம், இவனைக் கொன்றால் இவன் கூட்டம் வரும் என்று அடுத்தவன் பயந்ததுதான். அந்தக் கூட்டம் கைவிட்டவன் கதி? உக்காழ் போன்ற சந்தைகளில் எல்லார் முன்னாலும் அறிவிப்பார்கள்: இவன் இனி எங்கள் ஆள் இல்லை, இவன் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, இவனுக்கு என்ன நடந்தாலும் கேட்கவும் மாட்டோம். அதன் பிறகு அவன் மலையிலும் மணலிலும் கொள்ளையடித்து வாழ வேண்டியதுதான். வருடத்தில் துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் என்று நான்கு மாதம் சண்டை கூடாது என்று வைத்திருந்தார்கள். அந்த நாலு மாதம்தான் சந்தையும் யாத்திரையும் கவிதையும்.

நபியவர்களின் வாழ்க்கையே இந்தக் கோத்திரப் பாதுகாப்பில்தான் நடந்தது. மதரஸாவில் இதை யாரும் எனக்கு அழுத்திச் சொன்னதில்லை. மக்காவில் குறைஷிக் கோத்திரத்தின் பனூ ஹாஷிம் கிளையில் பிறந்தார்கள். தந்தை பிறக்கும் முன்பே இல்லை. தாயும் பாட்டனாரும் அடுத்தடுத்துப் போனார்கள். பெரிய தந்தை அபூதாலிப் வளர்த்தார். 610-இல் வஹீ என்ற இறைச்செய்தி இறங்கிப் பிரச்சாரம் தொடங்கியபோது மக்காவின் பணக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நபியவர்கள்மேல் கை வைக்க முடியவில்லை; அபூதாலிப் குறுக்கே நின்றார். அவர் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தார் என்பது சுன்னத் ஜமாஅத்தின் கருத்து. ஷீஆக்கள் ஏற்றார் என்பார்கள். எப்படியானாலும், தம்பி மகனைக் கொடுத்துவிடு என்று குறைஷிகள் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. பனூ ஹாஷிமோடு கொள்வினை கொடுப்பினை கூடாது, வியாபாரம் கூடாது என்று எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று வருடம் அந்தக் கிளையே ஒரு பள்ளத்தாக்கில் பட்டினி கிடந்தது. அதில் முஸ்லிம் ஆகாதவர்களும் இருந்தார்கள். நம்பிக்கை வேறாக இருந்தும் இரத்தத்துக்காகப் பட்டினி கிடந்தார்கள். கோத்திரம் கெட்டது என்று சுலபமாகச் சொல்கிறவர்கள் அந்தப் பள்ளத்தாக்கையும் நினைக்க வேண்டும்.

அதே ஊரில் பின்னால் நிற்க யாருமில்லாத யாசிர், சுமையா, பிலால், கப்பாப் ஆகியோர் பட்டது வேறு. சுமையா கொல்லப்பட்டார். பிலாலைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் கல் ஏற்றினார்கள். கேட்க ஆளில்லை. ஒரே நம்பிக்கைதான், ஒரே கலிமாதான். ஆனால் எவ்வளவு அடி விழும் என்பதை அவரவர் கோத்திரம் தீர்மானித்தது.

619-இல் அபூதாலிப் இறந்தார். நபியவர்களை எதிர்த்த இன்னொரு பெரிய தந்தையான அபூலஹபிடம் தலைமை போனது, பாதுகாப்பு போயிற்று. தாயிஃபில் அடைக்கலம் தேடிப் போன நபியவர்களைக் கல்லால் அடித்து விரட்டினார்கள். சொந்த ஊருக்குள் திரும்ப நுழைவதற்கே முத்இம் இப்னு அதீ என்ற, முஸ்லிம் அல்லாத தலைவர் ஒருவர் தன் பாதுகாப்பில் எடுக்க வேண்டியிருந்தது. 622-இல் குறைஷிகள் கொலைக்கே திட்டம் போட்டார்கள். அந்தத் திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். ஒருவன் கொன்றால் அவன் கோத்திரத்தின்மேல் பழி வரும். ஆகவே கிளைக்கு ஒரு இளைஞனாக எடுத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் வாளை இறக்க வேண்டும். இரத்தம் எல்லாக் கிளைகளுக்கும் பங்காகிவிடும். அத்தனை பேரோடும் சண்டை போட முடியாமல் சொந்தக்காரர்கள் தியத் வாங்கிக்கொண்டு அடங்கிவிடுவார்கள். குறைஷித் தலைவர்களில் ஒருவனான அபூஜஹ்லின் யோசனை என்று சீரா என்னும் நபி வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கொலையிலும் கோத்திரக் கணக்கைத் துல்லியமாகப் போட்டவர்கள் அவர்கள்.

அன்றிரவு நபியவர்கள் தப்பித்துப் போன இடம் யத்ரிப், பின்னாளில் மதீனா என்று ஆன ஊர். அங்கே அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரண்டு கோத்திரங்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டு ஓய்ந்திருந்தன. சில வருடம் முன்புதான் புஆஸ் போரில் இரு பக்கத்துத் தலைவர்களும் விழுந்திருந்தார்கள். அந்தப் போரை அல்லாஹ் தன் தூதருக்காக முன்கூட்டியே ஆயத்தம் செய்த நாள் என்று பின்னாளில் நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி சொன்னதாக ஹதீஸ் உண்டு. எனக்கு அது மிகக் கூர்மையான அரசியல் பார்வையாகத் தெரிகிறது. ஊர் களைத்துப்போயிருந்தது. வெளியிலிருந்து, இரண்டு பக்கத்தையும் சேராத ஒரு நடுவர் தேவைப்பட்டார்.

மதீனாவில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தை, நபியவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். ரொம்ப உயர்ந்த வாசகங்களை எதிர்பார்த்துப் படித்தேன். தொடக்கத்திலேயே, குறைஷிலிருந்து வந்தவர்களும் யத்ரிபின் நம்பிக்கையாளர்களும் அவர்களோடு சேர்ந்து போராடுகிறவர்களும் மற்ற மனிதர்களிலிருந்து தனித்த ஒரே உம்மத், ஒரே சமூகம் என்கிறது. சரி. அடுத்து என்ன வருகிறது? பனூ அவ்ஃப் முன்பு போலவே தங்கள் தியத்தைத் தாங்களே சேர்ந்து கொடுப்பார்கள். பனூ ஸாஇதா முன்பு போலவே. பனூ ஹாரிஸ் முன்பு போலவே. பனூ நஜ்ஜார் முன்பு போலவே. ஒவ்வொரு கிளையாகப் பெயர் சொல்லி வரிசை போகிறது. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் ஒரு கிளை மாதிரி அதே வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோதுதான் என் மேசைக்கு வந்தவர் சட்டென்று புரிந்தார். அவர் அறியாமைக் காலத்தின் மிச்சம் இல்லை. அவர் கட்டியது மதீனாவின் ஒப்பந்தத்திலேயே இருக்கிற பங்கு.

ஆனால் அதே ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ந்தவை உண்டு. ஒரு நம்பிக்கையாளர் கடனில் மூழ்கினால் மற்றவர்கள் கைவிடக் கூடாது. அநியாயம் செய்தவன் தங்களில் ஒருவரின் மகனாகவே இருந்தாலும் எல்லாருடைய கையும் அவனுக்கு எதிராக உயர வேண்டும். எதில் கருத்து வேறுபட்டாலும் அல்லாஹ்விடமும் முஹம்மதிடமும் கொண்டுவர வேண்டும். தப்புச் செய்தாலும் நம் ஆள் என்பதுதான் பழைய சட்டம். மகனே ஆனாலும் என்ற அந்த ஒரு வரி பழைய சட்டத்தின் முதுகெலும்பை முறித்தது.

அந்த ஒப்பந்தம் யூதக் கிளைகளையும் நம்பிக்கையாளர்களோடு சேர்த்தே பேசுகிறது. அவர்களுக்கு அவர்கள் மார்க்கம், இவர்களுக்கு இவர்கள் மார்க்கம் என்கிறது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. ஐந்தாறு வருடத்துக்குள் கைனுகாவும் நளீரும் வெளியேற்றப்பட்டார்கள். 627-இல் அகழ்ப்போருக்குப் பின், ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று குறைழா என்ற யூதக் கிளையின் ஆண்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்புச் சொன்னவர் அவர்களுடைய பழைய நட்புக் கோத்திரமான அவ்ஸின் தலைவர் ஸஅத் இப்னு முஆத். பழைய கோத்திர நட்பு யாரையும் காப்பாற்றாத காலம் வந்துவிட்டது என்பதற்கு அதுவும் சாட்சி. அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட என்னால் முடிவதில்லை, மனம் கனக்கிறது.

மக்காவிலிருந்து வந்தவர்களுக்கு மதீனாவில் வீடில்லை, நிலமில்லை, கேட்க ஆளுமில்லை. ஒரு முஹாஜிருக்கு மதீனாக்காரரான ஒரு அன்சாரி என்று சகோதர உறவு கட்டிவைத்தார்கள் நபியவர்கள். அதில் நான் திரும்பத் திரும்பப் படித்த ஜோடி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் ஸஅத் இப்னு ரபீஉவும். கஸ்ரஜில் வசதியானவர் ஸஅத். என் சொத்தில் பாதி உனக்கு என்றார் புதுச் சகோதரரிடம். அப்துர் ரஹ்மான், அல்லாஹ் உங்கள் குடும்பத்திலும் செல்வத்திலும் பரக்கத் செய்யட்டும், எனக்குச் சந்தைக்கு வழி காட்டுங்கள் போதும் என்றார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பிழைக்க ஆரம்பித்தார். பிற்காலத்தில் பெரிய பணக்காரர். இரத்தம் சம்பந்தமில்லாத இரண்டு பேர் சொத்தில் பாதி தரும் அளவு சொந்தமானது அந்த மண்ணில் அபூர்வம். கட்டிவைத்த சகோதரர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாகவும் இருந்தார்கள். கொஞ்ச காலத்தில் வாரிசுரிமை மறுபடி இரத்த உறவுக்கே போய்விட்டது. குர்ஆனே அப்படி மாற்றியது.

இந்த ஸஅத் இப்னு ரபீஉவை மறந்துவிடாதீர்கள். அவரிடம் மறுபடி வருவேன்.

புதுப் பெயர்களே புதுக் கோத்திரம் ஆகிவிடும் ஆபத்து இருந்தது. ஒரு பயணத்தில் ஒரு முஹாஜிர் ஒரு அன்சாரியைப் பின்பக்கத்தில் உதைத்துவிட்டார். உடனே ஒருவர் "அன்சாரிகளே!" என்று கூப்பிட, மற்றவர் "முஹாஜிர்களே!" என்று கூப்பிட, இரண்டு பக்கமும் கூட்டம் சேர்ந்தது. அன்சாரி என்றால் உதவியவர், முஹாஜிர் என்றால் ஹிஜ்ரத் செய்தவர், ஊர் விட்டு வந்தவர். இரண்டும் மார்க்கம் கொடுத்த பெயர்கள். அதையே பழைய போர்க்கூச்சல் மாதிரி கத்தினார்கள். நபியவர்கள் வெளியே வந்து, அறியாமைக் காலத்துக் கூப்பாடு இங்கே எதற்கு, விடுங்கள் அதை, அது நாற்றம் பிடித்தது என்றார்கள். நம் இயக்கங்களையும் ஜமாஅத் சண்டைகளையும் பார்க்கும்போது அந்த வார்த்தை என் காதில் கேட்கும்.

625-இல் உஹத் போர். எழுபது பேர் அளவில் ஷஹீதானார்கள். அவர்களில் ஸஅத் இப்னு ரபீஉவும் ஒருவர். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அவருடைய சகோதரர் வந்து மொத்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டார். அவர் திருடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதுதான் வழக்கம். குதிரை ஏறி வாள் பிடிக்கிறவனுக்குத்தான் வாரிசுரிமை. பெண்ணுக்கும் சிறு பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை. கணவனை இழந்தவளையே சொத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்கிற வழக்கமும் இருந்தது. ஆனால் ஸஅதின் மனைவி இரண்டு மகள்களையும் கையில் பிடித்துக்கொண்டு நபியவர்களிடம் நேராக வந்தார். இவர்கள் ஸஅதின் மக்கள். இவர்கள் தந்தை உங்களோடு உஹதில் கொல்லப்பட்டார். சொத்து முழுவதையும் இவர்கள் தந்தையின் சகோதரர் எடுத்துக்கொண்டார். சொத்தில்லாமல் இவர்களுக்குக் கல்யாணம் நடக்காது என்றார்.

அல்லாஹ் இதில் தீர்ப்புச் சொல்வான் என்று பதில் கிடைத்தது. அதன் பிறகு இறங்கியதுதான் குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனம். நபியவர்கள் அந்தச் சகோதரரைக் கூப்பிட்டனுப்பி, ஸஅதின் மகள்களுக்கு மூன்றில் இரண்டு, அவர்கள் தாய்க்கு எட்டில் ஒன்று, மிச்சம் உமக்கு என்றார்கள். சொத்தை 24 பங்காக வைத்தால் மகள்களுக்கு 16, மனைவிக்கு 3, வாள் பிடித்தவருக்கு 5.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். இந்த 16, 3, 5 என்ற மூன்று எண்களுக்குமுன் எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஆண் பிள்ளையும் இருந்தால் மகளுக்கு அவனில் பாதிதான் என்று இன்று கேட்பவர்கள் உண்டு; கேட்கிற கேள்வி நியாயமானதுதான் என்றே நினைக்கிறேன். ஆனால் முந்தின நாள் வரை மொத்தமும் கோத்திரத்து ஆண்களுக்குப் போன இடம் அது. கோத்திரத்தின் சொத்து என்று இருந்தது, இறந்தவனின் பெண்ணுக்குப் போகும் சொத்து ஆயிற்று. கல்யாணத்தில் மாப்பிள்ளை கொடுக்கும் மஹரும் அப்படித்தான், பெண்ணின் கையிலேயே கொடுக்கச் சொன்னது குர்ஆன். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் என்று மக்காவிலேயே இறங்கியிருந்தது. அடிமைத்தனத்தை அப்படி ஒரே அடியாக நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தவறுதலாகக் கொன்றவன் ஒரு அடிமையை விடுதலை செய்ய வேண்டும் என்று பரிகாரங்களில் வைத்தார்கள். ஆனால் அடிமைமுறை நீடித்தது.

குலைபின் செருப்பு வாருக்குப் பதிலும் குர்ஆனில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் வாரிசுக்கு உரிமை உண்டு. ஆனால் பதிலுக்குக் கொல்வதில் அவன் வரம்பு மீறக் கூடாது என்கிறது 17-ஆம் அத்தியாயம். கொன்றவனுக்குத்தான் தண்டனை, அவன் கோத்திரத்துச் சிறந்தவனுக்கு இல்லை. அதோடு மன்னிப்பையும் பணத்தையும் முன்னால் வைத்தது. அதை உங்கள் இறைவனின் சலுகை, அருள் என்றது. தியத் 100 ஒட்டகம் என்று நிலைத்தது. அந்த எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. நபியவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப் ஒரு மகனைப் பலியிட நேர்ந்துகொண்டு, சீட்டு அப்துல்லாஹ்வின் பெயருக்கு விழுந்து, பத்துப் பத்தாக ஒட்டகங்களைக் கூட்டி, 100 ஆனபோதுதான் சீட்டு ஒட்டகங்களின் பக்கம் விழுந்ததாம். அந்த அப்துல்லாஹ்தான் நபியவர்களின் தந்தை.

630-இல் மக்கா கைக்கு வந்தது. அதற்குக் காரணமான சம்பவமும் கோத்திரச் சண்டைதான்: குறைஷிகளின் நட்புக் கோத்திரம் பனூ பக்ர் (ஒட்டகக் கதையின் பக்ர் இல்லை, வேறு), நபியவர்களின் நட்புக் கோத்திரம் குஸாஆவைத் தாக்கி, இரு தரப்பும் செய்திருந்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை முறித்தது. வெற்றி பெற்றவர்கள் அந்த நகரத்தில் பழிவாங்கியிருந்தால் அரபு வழக்கப்படி யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பொது மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. பிலால் கஅபாவின்மேல் ஏறி பாங்கு சொன்னார். சுடுமணலில் கேட்க நாதியில்லாமல் கிடந்தவரின் குரல் குறைஷிப் பிரபுக்களின் தலைக்குமேல் ஒலித்தது.

632-இல் அரஃபா மைதானத்தில் கடைசி ஹஜ்ஜின் உரை. அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் எல்லாம் என் காலடியில் என்று அறிவித்தார்கள். யாருடைய பழியை முதலில் விட்டார்கள் தெரியுமா? ரபீஆ இப்னு ஹாரிஸின் மகனுடைய பழியை. அந்தக் குழந்தை பாலூட்ட வேறு கோத்திரத்தில் விடப்பட்டிருந்தபோது ஹுதைல் கோத்திரத்தார் கொன்றுவிட்டார்கள். ரபீஆ நபியவர்களின் பெரிய தந்தை மகன். சொந்தக் குடும்பத்துக்கு வரவேண்டிய இரத்தத்தைத்தான் முதலில் தள்ளுபடி செய்தார்கள். வட்டியைத் தள்ளுபடி செய்தபோதும் முதலில் சொன்ன பெயர் சிறிய தந்தை அப்பாஸுடையது. மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளத்தான், உங்களில் கண்ணியமானவர் இறையச்சம் மிகுந்தவரே என்று அதற்கு முன்பே வசனம் இறங்கியிருந்தது. அதிலும் கோத்திரம் இருக்கிறது. அடையாளமாக இருக்கிறது, அளவுகோலாக இல்லை.

நபியவர்கள் கண்மூடிய அன்றே பழையது எட்டிப்பார்த்தது. பனூ ஸாஇதாவின் கூடாரத்தில் கூடிய அன்சாரிகள், எங்களில் ஒரு தலைவர், உங்களில் ஒரு தலைவர் என்றார்கள். குறைஷியைத் தவிர வேறு யாரையும் அரபிகள் ஏற்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. ஆனால் தேர்வானவர் அபூபக்ர் (ரலி). குறைஷிகளில் பெரிய கிளைகள் எதையும் சேராமல், சின்னக் கிளையான தைமைச் சேர்ந்தவர். பழைய வழக்கப்படி அது நடந்திருக்காது. பல கோத்திரங்கள் ஸகாத் என்ற கட்டாய தர்மத்தைத் தர மறுத்தன. இறந்த தலைவரோடு செய்த உடன்பாடு அவரோடு முடிந்தது என்பது பாலைவனச் சட்டம். யமாமாவில் பனூ ஹனீஃபா கோத்திரத்தார், தானும் நபி என்று சொல்லிக்கொண்ட முஸைலிமாவின் பின்னால் நின்றார்கள். அவன் பொய்யன் என்று தெரியும், ஆனாலும் முளரின் உண்மையாளரைவிட எங்கள் ரபீஆவின் பொய்யனே மேல் என்று ஒருவன் சொன்னதாக வரலாற்றாசிரியர் தபரி எழுதியிருக்கிறார். முளர் குறைஷிகள் சேர்ந்த பெருங்கூட்டம், ரபீஆ ஹனீஃபா சேர்ந்த பெருங்கூட்டம். கோத்திரப் பற்று என்னவென்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டு வருடத்துக்குள் அந்தக் கலகங்கள் அடங்கின.

அபூபக்ருக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த உமர் (ரலி) காலத்தில் சிரியாவும் இராக்கும் எகிப்தும் வந்தன. படைவீரர்களுக்கு மானியம் கொடுக்கப் பதிவேடு வேண்டியிருந்தது. திவான் எழுதினார்கள். யார் முதலில் இஸ்லாத்துக்கு வந்தார், யார் பத்ர் போரில் நின்றார் என்பது அதில் முக்கிய அளவு. கோத்திரம் மட்டுமே அளவு என்ற பழைய கணக்கு உடைந்தது. ஆனால் பெயர்களை எழுதியது கோத்திர வரிசையில்தான். கூஃபாவிலும் பஸ்ராவிலும் கோத்திரவாரியாகக் குடியிருப்புகள் அமைந்தன. பெயர் பட்டியலில் இருந்தால்தான் பணம் என்றானதும், வம்சாவளி முன்பைவிடக் கெட்டியாயிற்று என்பது என் எண்ணம். இஸ்லாத்துக்கு வந்த பாரசீகர் ஒருவர் ஏதாவது ஒரு அரபுக் கோத்திரத்தின் மவ்லாவாக, அதாவது சார்ந்தவராக ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 684-இல் மர்ஜ் ராஹித் போரில் கைஸ், கல்ப் என்ற கோத்திரக் கூட்டங்கள் மோதிக்கொண்டது, உமையா வம்ச ஆட்சிக் காலம் முழுவதையும் அரித்த பகை. நாற்றம் பிடித்தது என்று சொல்லப்பட்ட கூப்பாடு அரண்மனைக்குள்ளேயே கேட்டது. மார்க்கம் இல்லாமல் அரபிகள் ஒரு அரசைக் கட்டியிருக்கவே முடியாது என்று 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் எழுதினார். கோத்திரப் பற்று இல்லாமல் அந்த அரசு நின்றிருக்காது என்றும் அவரே எழுதினார்.

உமரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொல்லப்பட்டவனுக்கான தியத் அவன் ஆண் உறவினருக்கே சேரும், மனைவிக்கு அதில் வாரிசுரிமை இல்லை என்று அவர் சொல்லிவந்தார். பழைய நியாயம்தான்: கொடுப்பது ஆண் உறவினர் கூட்டம், ஆகவே வாங்குவதும் அந்தக் கூட்டம். ஒருநாள் ளஹ்ஹாக் இப்னு ஸுஃப்யான் என்ற தோழர், அஷ்யம் என்பவரின் தியத்தில் அவர் மனைவிக்குப் பங்கு கொடுக்கும்படி நபியவர்கள் எனக்கு எழுதியனுப்பினார்கள் என்றார். உமர் தன் கருத்தை விட்டுவிட்டார். அவ்வளவு பெரிய ஆட்சியாளர், அவ்வளவு நீதிமான். அவர் மனதிலும் அந்தப் பழைய கணக்கு ஒரு மூலையில் இருந்திருக்கிறது. சொன்னதும் கேட்டுக்கொண்டார். எனக்கு உமரைப் பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

முன்பணம் வாங்கிய அந்த நண்பரிடம் நாலைந்து மாதம் கழித்துத் தேநீர் குடிக்கும்போது கேட்டேன், அந்த விஷயம் என்ன ஆயிற்று என்று. முடிந்தது என்றார். இறந்தவருக்குத் தாய் தந்தை உயிரோடு இல்லை. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஒரு சகோதரரும் இருந்தார்கள். கோத்திரத்துப் பெரியவர்கள் எல்லாரும் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சகோதரர் எழுந்து, அல்லாஹ்வுக்காக என் பங்கை விட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மனைவியும் உள்ளிருந்து, என் பங்கையும் விட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அப்படியென்றால் பணம் மிச்சமா?" என்றேன்.

அவர் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யா அகீ, பெண் பிள்ளைகள் பங்கு? அதை ஒரு ரியால் குறையாமல் கட்டினோம். அவர்கள் சின்னப் பிள்ளைகள். அவர்கள் சார்பில் மன்னிக்க யாருக்கு உரிமை இருக்கிறது?"